புளி போட்டுத் தேய்த்த சட்டி

அன்றைக்கு லாசால் போகும் பஸ்ஸில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: கண்ணாடியில் எங்களையே பார்த்தபடி டிரைவர், நித்திரை கொண்ட ஒரு கிழவர், முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், பின்னால் நான்.

இளையவள் சொன்னாள்: "அக்கா, நான் எழுநூறு வருசத்து எழுத்தைக் கழுவிப்போட்டன்."

"என்னடி சொல்லுறாய்?"

"நான் துப்பரவாக்கிற வீட்டு மடாமின்ரை பித்தளைச் சட்டி. எகிப்திலை செய்ததாம். வெள்ளியாலை அரபு எழுத்துப் பதிச்சு, இடையிலை கறுப்புப் பசை அடைச்சிருந்தது. நான் கறுப்பை ஊத்தையெண்டு நினைச்சுப் புளி போட்டுத் தேய்ச்சுப்போட்டன்."

"குத்துவிளக்கெண்டு நினைச்சியோ?"

"சிரிக்காதையுங்கோ. கறுப்பு முழுக்கப் போயிட்டுது. வெள்ளியும் ரெண்டு இடத்திலை கழண்டிட்டுது. மடாம் இண்டைக்குப் பயணத்தாலை வாறா. பொலிசுக்குச் சொன்னால் என்ரை அகதிக் கேஸ் என்னாகும்?"

"அப்ப உள்ளுக்குப் போகாதை. கதவுத் திறப்பை அவவின்ரை தபால் பெட்டியிலை போட்டிட்டு வா."

அவள் கையிலிருந்த திறப்பைப் பார்த்தாள். நகங்களுக்குள் இன்னும் கறுப்பு.

"எப்பிடியக்கா போகாமல் விடுறது? மூண்டு கிழமைச் சம்பளம் இன்னும் அவவிட்டைத்தான் கிடக்கு. இருநூற்றி நாப்பது டொலர்."