நடுக்கோட்டில் நின்றவன்

விவேக் நகரில் ஏறிய பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் மட்டும் காலி. பக்கத்தில் ஐம்பது வயசுக்காரர்கள் இரண்டு பேர். காலி இடத்தை ஒட்டி நடுவில் இருந்தவரிடம் ஹாக்கி ஸ்டிக். நகரச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"நேத்து மேட்ச்ல ஸ்டீபன் நின்னான் மச்சா," என்றார் ஸ்டிக்காரர்.

"போன வருஷம்தானே அவனைப் புதைச்சோம்."

"பெனால்டி கார்னர். கோல்ல நாங்க அஞ்சு பேர். பந்து தள்ற வரைக்கும் நடுக்கோட்டுல மீதி ஆறு பேர்தானே இருக்கணும்? ஏழு பேர் இருந்தாங்க."

"செலக்‌ஷன் அன்னிக்கும் அவனை அங்கதான் அனுப்பினாங்க. பந்து தள்றதுக்கு முன்னாடியே கோல்லேர்ந்து ஓடிட்டான்னு தண்டனையா."

"இந்தியா டீமுக்கே டிஃபென்ஸ்ல பேக் ஆடுவான்னாங்க. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடவே இல்ல."

"நேத்து பந்து தள்ளினதும் என்ன ஆச்சு?"

"ஆறு பேரும் ஓடி வந்தாங்க. அவன் மட்டும் அங்கயே நின்னான். பாவமா இருந்துச்சு. வாடான்னு கூப்பிட்டுட்டேன்."

அல்சூர் வந்தது, நண்பர் வேகமாக இறங்கிவிட்டார். ஸ்டிக்காரர் எழுந்து ஒதுங்கி நின்றார். காலியாக இருந்த ஜன்னல் சீட்டிலிருந்து ஒருத்தர் வெளியே வருகிற நேரம்வரை காத்திருந்து, பிறகு பின்னாலேயே இறங்கினார்.