அமெரிக்கவியல் துறையின் கடைசித் தலைவி ஆர்டிஸ் ஹாகன் அவர்களுக்கு

மினசோட்டாப் புல்வெளியின் புதல்வியே! கேள்வி கேட்டே எங்களைக் கலங்கடித்த பேராசிரியையே! லிண்டன் ஃபால்ஸ் கல்லூரியின் அமெரிக்கவியல் துறையை அணைத்துக் காத்த அன்பு அம்மையீர்! வணக்கம் சொல்ல வந்த வாய், விடைகொடுக்க மறுக்கிறது.

இத்துறை பிறந்த கதையை நீங்கள் சொல்லித்தான் கேட்டோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஆங்கிலத் துறைக்கு லண்டனில் எழுதியதே இலக்கியம். வரலாற்றுத் துறைக்கு அதிபர்களும் போர்களுமே வரலாறு. நம் நாட்டுக் கதையும் பாட்டும் இரு வீட்டுக்கும் வேண்டாத விருந்தாளி. இரண்டிலிருந்தும் கோபித்துக்கொண்டு கிளம்பிய இருவர், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரே மேசையைப் போட்டு, "இந்த நாடு மனசுல என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கு?" என்று கேட்டார்கள். அன்று தொட்டு முதலாண்டு வகுப்பில் இலக்கியத்துக்கு ஒருவரும் வரலாற்றுக்கு ஒருவரும் சேர்ந்து நிற்பதும், மாணவர் முன்னிலையிலேயே மல்லுக்கட்டுவதும் நம் மரபாயிற்று.

அவ்வகுப்பில் உங்கள் முதல் நாள். உங்களோடு நின்ற மூத்த வரலாற்றாசிரியர் வெண்டெல் ப்ரூட், ஆளில்லா நிலத்தை உழுது உருவானதே அமெரிக்க உள்ளம் என்று உருகி உருகிப் பேசினார். நீங்கள் குறுக்கிட்டீர்கள்.

"ஆளில்லாத நிலமா? எங்க தாத்தா உழுத வயல்ல, அவருக்கு முன்னாடி அங்க இருந்த டகோட்டாப் பழங்குடி ஜனங்க சமைச்ச கல்லடுப்பு கிடைச்சுதே, அது யாரோடது?"

"ஏம்மா, சொந்தத் தாத்தாவையே காட்டிக் கொடுக்கறியே!"

"நீங்க மூடி வெச்சதைத்தான் காட்டறேன், வெண்டெல்."

வகுப்பே சிரித்தது. அவர் ஒரு வாரம் உங்களோடு காபி குடிக்கவில்லை. பிறகு அவரே பாடத்தைத் திருத்தினார். ஒற்றை உள்ளத்தைத் தேடிய துறைக்குள் கறுப்பினத்தாரும் பெண்களும் பழங்குடியினரும் தங்கள் கதைகளோடு வந்தார்கள். அமெரிக்கப் படை போன மணிலாவிலிருந்தும் சைகோனிலிருந்தும் பார்த்தால் இந்நாடு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் பின்னால் வந்தது.

வெண்டெல் மறைந்தபின் தனியாகவே பாடம் நடத்தினீர்கள். ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் மறுப்புக்காக நிறுத்துவீர்கள்.

சென்ற குளிர்காலத்தில் நிர்வாகம் ஒரு பணியிடத்தைக் குறைக்கச் சொன்னது. போக வேண்டியவர் எங்களில் இளையவர், டகோட்டாப் பழங்குடி மகள் கோரீன் டிமேரிஸ். "நான் போறேன், அவ இருக்கட்டும். துறையை மட்டும் மூடிடாதீங்க" என்று, இன்னும் கற்பிக்கும் ஆசை தீராமலே விலகினீர்கள். தலையாட்டியவர்கள் வசந்தம் வந்ததும் வாக்கை மறந்தார்கள். கோரீன் இருக்கிறார், துறை இல்லை. வரும் இலையுதிர்காலம் முதல் நாம் ஆங்கிலத் துறையின் ஒரு பிரிவாம்.

கோரீன் உங்கள் அறைவாசலில் நின்று அழுதார். "அழாதம்மா. அங்க போய் உன் சண்டையை ஆரம்பி" என்றீர்கள். "யாரோட, ஆர்டிஸ்? நீங்களும் போயிட்டா எதிர்ல நிக்க யாரு இருக்கா?" என்றார்.

அம்மையீர்! நோயணுகா உடலும் நோகாத உள்ளமும் நெடுநாள் உங்களுக்கு வாய்க்கட்டும்! உங்கள் பணியையே விலையாகக் கொடுத்து நீங்கள் கேட்ட ஒன்றைக்கூட எங்களால் காப்பாற்ற முடியவில்லை. மன்னியுங்கள். இம்மடலைச் சட்டமிட்டு மாட்டும்போது கீழே உள்ள பெயரை ஒருமுறை பாருங்கள். இந்தப் பெயரில் இனி எவரும் உங்களுக்கு எழுத முடியாது.

கண்ணீருடன்,
அமெரிக்கவியல் துறையினர்,
லிண்டன் ஃபால்ஸ் கல்லூரி