வழி சொல்லத் தெரியாத நுஸ்ஹா

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், பாடசாலை அதிபர் பதியுதீன் அவர்களே! அன்போடு என்னை அழைத்த ஆங்கில ஆசிரியை நதீரா அவர்களே! பள்ளிவாசல் நிர்வாகப் பெரியோர்களே! தறிகளை நிறுத்திவிட்டு வந்து திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் மருதமுனைத் தாய்மார்களே! முன்னால் மண்ணில் குந்தியிருந்து என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும் செல்வங்களே! பாண்டிருப்புத் தங்கராசாவின் பணிவான வணக்கமும் ஸலாமும்.

ஆங்கிலம் படிப்பிக்க இன்டர்நெட்டில் நல்ல பாடங்களை எப்படித் தேடுவது என்று பேசச் சொன்னார்கள். நான் என்ன பேசுவேன்? தேடியவர் நதீரா! தேடித் தேடிக் களைத்தவர் நதீரா! களைத்தும் கைவிடாதவர் நதீரா! வெள்ளி தோறும் ஜும்ஆ முடிந்ததும் கல்முனைக்கு பஸ் ஏறி, ஷிப்லியின் கொமியுனிகேசன் கடையில், வரி வரியாக இறங்கும் பக்கங்களுக்கு முன்னே காத்திருந்தவர் அவர்.

கிடைத்தது என்ன? ஒரு பாடத்தில் பனிமனிதன். ஒரு பாடத்தில் நிலத்துக்கு அடியில் ஓடும் ரயில். இன்னொன்றில் பன்றி இறைச்சியோடு காலைச் சாப்பாடு! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அவரும் சிரித்துக்கொண்டேதான் அதைக் கத்தரித்து எறிந்தார். ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் ஒன்றைக் கண்டெடுத்தார். ஓர் ஊரின் வரைபடம். வழி கேட்பவருக்கு வழி சொல்ல வேண்டும். பனியும் இல்லை, பன்றியும் இல்லை. இதைவிட நல்ல பாடம் உண்டா?

அந்த நேரத்தில்தான் கல்விக் கந்தோர் மேலிடம் என்னைப் பரிசோதகராக அனுப்பியது. சனிக்கிழமை ஆங்கில வகுப்பு தொடர்வதா, மூடுவதா? பிள்ளைகளைச் சோதித்து நான் எழுதுவதே தீர்ப்பு.

முதலில் வந்தது சீனிமுகம்மதுவின் மகள், ஆறாம் வகுப்பு நுஸ்ஹா. தபால் கந்தோருக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நேரே போங்கள், வலப்பக்கம் திரும்புங்கள் என்பதுதான் விடை. பிள்ளை எழும்பியது. "கம் சேர், ஐ வில் டேக் யூ" என்றது!

இருக்கச் சொல்லி மறுபடி கேட்டேன். மறுபடியும் "கம் சேர்!" நதீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு கிழமையா இதத்தான் படிப்பிக்கன் சேர். நம்மட ஊருல ஆரும் வழி கேட்டா வாயால சொல்லுற இல்ல, கூட்டிட்டுப் போய் உட்டுட்டுத்தான் வாற" என்றார்.

உண்மையா, இல்லையா? ஓம் என்கிறீர்கள்! ஆனால் அதற்குள் என் பேனை "சித்தியில்லை", அதாவது ஃபெயில், என்று எழுதிவிட்டது. என் கையால், என் மையால், உங்கள் பிள்ளைகளின் வகுப்பை மூடும் முதல் வரியை எழுதிவிட்டேன்.

பிறகு ஏனோ எழும்பி அந்தப் பிள்ளையின் பின்னே நடந்தேன். நதீராவும் வகுப்பு முழுவதும் எங்கள் பின்னே. பெரியோர்களே, பாண்டிருப்பு உங்களுக்கு வேலி ஒட்டிய ஊர். ஆயினும் தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட அந்தக் கெட்ட காலத்துக்குப் பின், ஒன்பது வருடம், பெரிய ரோட்டை விட்டு உங்கள் ஒழுங்கைக்குள் நான் கால் வைத்ததில்லை. ஏன்? பயம்! வெட்கத்தோடு சொல்கிறேன், பயம்!

பிள்ளையோ வழியெல்லாம் ஆங்கிலத்தில் கதைத்தது. இது வாப்பாவின் தறி. இது மாமாவின் கடை. இந்த நாய் கடிக்காது. பிழையும் வந்தது, பிழைக்கு அஞ்சாத பேச்சும் வந்தது! ஒழுங்கை திரும்பும் ஒரு முடக்கில் நாலைந்து பேர் நின்று என்னை உற்றுப் பார்த்தார்கள். நான் நின்றுவிட்டேன். நுஸ்ஹா என் விரலைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் சொன்னது, "ஹீ இஸ் அவர் சேர்!" அவர்கள் சிரித்து வழிவிட்டார்கள்.

தபால் கந்தோர் வாசலில் பிள்ளை நின்று, "பாஸா சேர்?" என்று கேட்டது. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் வரவில்லை. "ஓம் மகள்" என்றேன். தபால் கந்தோர் மதிலிலேயே தாளை வைத்து, எழுதியதை வெட்டினேன். வகுப்பு தொடர்கிறது!

எது நல்ல பாடம் என்று கேட்கிறீர்களா? பிள்ளை தன் ஊரைக் கொண்டுவந்து வைக்க இடம் தருகிற பாடம். அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள்.

இன்று இந்த மேடைக்கு நான் பெரிய ரோட்டால் வரவில்லை. ஒழுங்கையால் நடந்து வந்தேன். தனியாகவும் வரவில்லை. இத்தனை வருடம் வரமாட்டேன் என்றிருந்த என் மனைவி, இதோ, தாய்மார்களே, உங்கள் நடுவில் இருக்கிறார். அவருக்கு இடம் ஒதுக்கித் தந்த உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.