சம்பந்தி கொடுத்த பாட்டில்

— துப்பாதீங்க துரைராஜண்ணா! முழுங்குங்க, முழுங்குங்க.

— இன்னாய்யா சசி இது? ஊதுபத்திய ஊற வச்ச தண்ணி மாதிரி இருக்குது.

— பைன் மரமுங்க. வெளிநாட்டுல இருந்து மிசின் பார்ட்ஸ் வந்த பெட்டி ஒண்ணு ஸ்டோர்ஸ் பின்னாடி கெடந்துச்சு. செதுக்கிப் போட்டுப் பாத்தேன்.

— பெட்டியக்கூட வுட்டு வக்கிலியா நீ? லேப்ல நெலக்கரி டெஸ்ட் பண்ணச் சொல்லி சம்பளம் குடுத்தா, குவாட்டர்ஸ்ல குந்திக்கினு சாராயத்த டெஸ்ட் பண்ணிக்கினு இருக்குற.

— சாராயம்ங்காதீங்கண்ணா, மனசு கஷ்டமா இருக்குதுங்க. இது பிளெண்டிங். முறைன்னு ஒண்ணு இருக்குதுங்க இதுக்கு.

— யோவ், முறையெல்லாம் நீயே வச்சிக்க. வர்ற ஞாயித்துக்கெழம எம் பொண்ணு சத்யாவுக்கு நிச்சயம். நாலு மாசத்துக்கு மின்ன சம்பந்தி குடுத்த பாட்டிலு தோ மொட்டையா நிக்கிது. இத ரொப்பிக் குடு. அம்மாந்தான்.

— ஏனுங்ண்ணா, பாட்டில் எப்புடிங் காலியாச்சு?

— ஆவியாப் பூடுச்சி.

— மூடி போட்டிருந்துமுங்களா?

— லேசான மூடி.

— ஸ்காட்லாந்துல பீப்பாயில இருந்து ஆவியாப் போறத தேவதைங்களோட பங்குன்னு சொல்லுவாங்க. வருசம் பூரா போனாலும் துளியூண்டுதான் போகும். உங்க வீட்டுத் தேவதை நாலு மாசத்துல முழு பாட்டிலையும் முடிச்சிருச்சுங்களா?

— தேவதைக்கு நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தா ஒடம்பு வலிக்காதாய்யா? மொத நாளு மோந்துதான் பாத்தேன். ரெண்டாம் நாளு மூடியில ஒரு சொட்டு. அப்பறம் மழக் காலம் வந்துடுச்சி. மைன்ஸுக்குள்ள சேறு முட்டி வரிக்கும். வூட்டுக்கு வந்தா செங்கமலம் சுடுதண்ணி காய வச்சிக்கினு இருப்பா, அது காயற வரிக்கும் நான் சும்மா குந்திக்கினு இருக்க முடியுமா?

— அண்ணிக்குத் தெரியாதுங்களா?

— தெரிஞ்சா நான் இங்க நிப்பனா? கூடத்துல என் போட்டோவ மாட்டி மாலையில்ல போட்டிருப்பா.

— சம்பந்தி யாருன்னீங்க?

— கோபாலகிருஷ்ணன் சார்தாய்யா. உங்க லேப் ஆபீசரு. அவுரு பையன் விஷ்ணுவும் எம் பொண்ணும் மெட்ராசுல ஒரே கம்பெனி. அதுங்களாப் பாத்து அதுங்களா முடிவு பண்ணிக்கிச்சிங்க.

— எங்க சாருங்களா!

— ஏன் குதிக்கிற? எம்மாம் பெரிய மனுசன் அவுரு. என் வூட்டுக்கு வந்து, அந்தக் கால் ஆடுற பிளாஸ்டிக் சேர்ல குந்தி, இந்தப் பாட்டில என் கையில குடுத்து இன்னா சொன்னாரு தெரியுமா? "எந் தம்பி ஜெயப்பிரகாஷ் கென்டக்கியில இருந்து கொண்டாந்தது, அமெரிக்காவுல இதுக்குப் பேரு போர்பன். எங்க வீட்ல கமலாவுக்கு ஆவாது. நிச்சயத்தன்னிக்கி நம்ம ரெண்டு பேரும் சேந்து தொறப்போம், அதுவரிக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்"னாரு. என்ன நம்பிக் குடுத்தாருய்யா.

— அவரு நம்பிக் குடுத்தாரு, நீங்க நம்பிக் குடிச்சிட்டீங்க.

— குத்திக் காட்டாத. இன்னிக்கி மத்தியானம் போன் பண்றாரு. தம்பிகாரன் நிச்சயத்துக்கு வராராம். "பாட்டில எடுத்து வையிங்க"ங்கறாரு. மொதலாவே அவுங்க ஆபீசரு வூடு, நான் மைன்ஸுக்கு நெலத்தக் குடுத்துட்டு வேலைக்கி வந்தவன். காலி பாட்டில நீட்டுனா இன்னா நெனப்பாங்க? இவன் புத்தி இவ்ளோதான்னு எழுந்து பூடுவாங்க. எம் பொண்ணு மூஞ்சில அப்பறம் நான் எப்புடி முழிப்பேன்? பயமா இருக்குதுய்யா சசி. நெசமாவே பயமா இருக்குது.

— உக்காருங்கண்ணா. இந்தாங்க, தண்ணி குடிங்க. பச்சத் தண்ணிதானுங்க. இப்பக் கேளுங்க. போர்பன்ங்கறது மக்காச்சோளத்துல பண்றது.

— மாட்டுக்குப் போடுறதா?

— அதேதானுங்க. புதுப் பீப்பாயா வாங்கி, உள்பக்கம் தீயில கருக்கி, அதுல ஊத்தி வப்பாங்க. அமெரிக்காக்காரன் ஒரு பீப்பாய ஒரு தடவைதான் வச்சுக்குவான். அப்பறம் அதை ஸ்காட்லாந்துக்காரன் வாங்கி, முப்பது நாப்பது வருசம் வேலை வாங்குவான்.

— காண்ட்ராக்ட் ஆளுன்னு சொல்லு. பர்மனென்டே ஆவாது.

— அப்படி வச்சுக்குங்க. இதுல ஸ்காட்லாந்துக்காரன் கலக்கறதுல கெட்டிக்காரன். மொதல்ல லேசான சரக்கு ஒண்ணை அடியில போடுவான். அதுக்கு மேல வாசமான சரக்குங்க. அவனவன் குணம் பாத்துச் சேக்கணும், ஒருத்தன் கத்துனா இன்னொருத்தன் அடக்கணும். நான் அந்த முறையில இந்த போர்பனப் புடிக்கலாம்னு பாக்கறனுங்க. பேரு அமெரிக்கா, பக்குவம் ஸ்காட்லாந்து, தண்ணி நெய்வேலி.

— சரக்கு?

— சரக்கு பண்ருட்டி ரோட்டுக் கடைங்க. ரெண்டு வகை விஸ்கி, கொஞ்சம் ரம்மு, வறுத்த சோளம் ஊறுன தண்ணி. மரத்துக்குப் பண்ருட்டிப் பலா. மிருதங்கம் கடையற கடையில செதுக்கின தூள் வாங்கியாந்தேன்.

— குடிச்சா வவுத்துக்குள்ள தாளம் போடுமா?

— சிரிக்காதீங்க. இந்த நாலாம் நம்பர மோந்து பாருங்க. அப்புடியே இல்லைங்க, பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திட்டு.

— பாதித் தண்ணியா? அடப் பாவி.

— அப்பத்தான் வாசம் பிரிஞ்சு நிக்கும். மூக்குலதான் பாதி வேலையே. கலந்தப்பறம் மூணு வாரம் சும்மா வுட்டரோணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டறதுக்கு. அதுக்கு அங்க பேரே கல்யாணம் பண்ணி வக்கிறதுதானுங்க.

— இங்க நெசக் கல்யாணமே நின்னு பூடும் போல இருக்குது, இவன் சரக்குக்கு முகூர்த்தம் பாக்குறான்! ஞாயித்துக்கெழமய்யா, ஞாயித்துக்கெழம!

— சரிங்க, ரிஜிஸ்டர் கல்யாணமாப் பண்ணிக்கலாம். நீங்க குடிச்சது எப்புடி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இனிப்பா?

— மொதல்ல லேசா இனிப்பு. பொரிகடல உருண்டயத் தீய வுட்டா வருமே, அது. அப்பறம் தொண்டயில எறங்கச் சொல்ல ஒரு வாசம் வந்துச்சி பாரு. சொன்னா நம்ப மாட்ட.

— சொல்லுங்க.

— நம்ம மைன்ஸ் வாசம்யா. மொத மழ பேஞ்சி, வெட்டிப் போட்ட கரி லேசாப் பொகையுமே, அந்த வாசம். அமெரிக்காவுலயும் எங்கியோ நம்மள மாதிரி பள்ளம் நோண்டிக்கினு இருக்குறான்னு நெனச்சிக்கினேன். சொந்தக்காரன் மாதிரி இருந்துச்சி. அதாலதான் நிறுத்த முடியல.

— இருங்கண்ணா, இருங்க. கரி வாசமுங்களா?

— இன்னாய்யா மூஞ்சி மாறுது?

— பாட்டில் சீலோட இருந்துச்சுங்களா?

— இல்ல. "தம்பியும் நானும் ஒரு வாய் பாத்துட்டோம்"னாரு. ஏன்?

— அண்ணா, இந்த மருந்து பாட்டில்ல அடியில ஒரு சொட்டு இருக்குதுங்க. நாக்குல வச்சுப் பாருங்க.

— இதுவும் பொட்டி மரமா? … யோவ்! யோவ் சசி! இதான்யா! இதேதான்! எங்க வாங்குன நீ இத?

— வாங்கலீங்க.

— பின்ன?

— ஸ்காட்லாந்துல சேத்து நெலத்துல ஒரு கரி வெட்டி, அதுல தானியத்துக்குப் புகை போடுவாங்க. அது மண்ணுக்குள்ள பல கோடி வருசம் கெடந்தா நம்ம பழுப்பு நிலக்கரி மாதிரி ஆயிரும். அப்ப நம்ம கரியிலயே பலாத்தூளச் சுட்டா என்னன்னு ஒரே ஒரு தடவ பண்ணிப் பாத்தேன். வீடு பூராப் புகை. பக்கத்து வீட்டு கனகம் அக்கா தீயணைப்பு வண்டியவே கூப்புட்டுட்டாங்க. அதோட கையெடுத்துக் கும்புட்டு வுட்டுட்டனுங்க.

— சரி, அது எப்புடி கென்டக்கி பாட்டில்ல—

— அதைத்தான் நானும் யோசிக்கறனுங்க. அண்ணா, அதை நான் ஒருத்தருக்குத்தான் குடுத்தேன். யாருன்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறனுங்க.

— சசி! ஏ சசிகுமாரு! லைட்டு எரியுதுல்லா, கதவத் தொற!

— ஐயோ! சம்பந்தி கொரலு!

— பாத்ரூமுக்குள்ள போங்கண்ணா! பாட்டிலையும் எடுத்துக்குங்க!

— பக்கெட்டுல இன்னாய்யா ஊறுது?

— பலாக்கட்டைங்க. மேல உக்காந்துராதீங்க! … வாங்க சார், வாங்க. வராதவங்க வந்திருக்கீங்க.

— யாருகூடடே பேசிட்டு இருந்த?

— வீட்டுக்காரிங்க சார். கோயமுத்தூர்ல இருந்து போன்ல.

— ஆம்பளக் கொரல்லா கேட்டுது?

— சளி புடிச்சிருக்குங்க அவளுக்கு.

— சரி, இரி. மானம் போற காரியம் ஒண்ணு. நாலு மாசத்துக்கு முந்தி பிளாஸ்க்குல ஒண்ணு ஊத்திக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா?

— சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— எதுக்குடே? வீட்டுல யாரு இருக்கா?

— யாரும் இல்லீங்க. சும்மா, செவுரு இருக்குதுங்களே.

— அதக் கொண்டு போயி கென்டக்கி பாட்டில்ல ஊத்தி துரைராஜ் கையில குடுத்துட்டேன்டே.

— சார்! மீதிய நாளைக்கி லேப்ல பேசிக்கலாமுங்க!

— சும்மா இரி, நானே கலங்கிப் போயி வந்திருக்கேன். தம்பி அந்தப் பாட்டிலக் குடுத்துட்டு ஏர்போர்ட்டுக்குக் கூடப் போயிச் சேந்திருக்க மாட்டான், கமலா எடுத்து வாஷ்பேசின்ல கவுத்துட்டா. கழுவித் தொடச்சி, வெளக்கெண்ண ஊத்தி வைக்கப் போறேன்னு நிக்கா. கெஞ்சிக் கூத்தாடி பாட்டில மட்டும் காப்பாத்துனேன்.

— அப்ப வெளக்கெண்ணெய் பாட்டிலாவது கொண்டு போயிருக்கலாமுங்களே சார், பொண்ணு கேக்க?

— கிண்டலா பண்ணுத? அவிய காணி நெலம் இருந்த குடும்பம்டே. ஊருல நாலு பேரு மதிக்காவ. நான் என்ன? பொறந்த ஊரையும் விட்டுட்டு, இங்க கம்பெனி வீட்டுல இருக்கேன். ரிட்டயர் ஆனா சாவியக் குடுத்துட்டு எங்க போவன்னு எனக்கே தெரியாது. வெறுங்கையோட போயி அவிய முன்னால நிக்க எனக்குக் கூச்சமா இருந்துது. ஏதோ கொஞ்சம் பவுசு காட்டலாம்னு தூக்கிட்டுப் போயிட்டேன்.

— இப்ப என்னங்க ஆச்சு?

— தம்பி வாரான். "அண்ணே, அந்தப் பாட்டில எல்லாரு முன்னாலயும் தொறப்போம்"ங்கான். ஒரு மடக்கு உள்ள போனாப் போதும், அவன் கண்டுபிடிச்சிருவான்.

— நான் குடுத்தப்ப நீங்க குடிச்சுப் பாத்தீங்கல்லங்க சார்? எப்புடி இருந்துச்சு?

— நானா? என் ஆயுசுல ஒரு சொட்டு தொட்டதில்லடே.

— சார்! பார்ட்டிக்கிப் பார்ட்டி கிளாஸும் கையுமா நிப்பீங்களே?

— கோலாடே அது. ரெண்டு ஐஸ் போட்டுட்டா எவனுக்குத் தெரியும்?

— அப்ப துரைராஜண்ணன்கிட்ட நேராவே சொல்லீருங்க சார். இப்பவே கூடச் சொல்லலாம். கொஞ்சம் சத்தமா.

— எந்த வாயால சொல்ல? அவிய எப்பேர்ப்பட்ட நாணயஸ்தர் தெரியுமா? நாலு மாசமா அந்தப் பாட்டில சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருப்பாவ. மூடியில வெரலு கூடப் பட்டிருக்காது. அந்த மனுசன்கிட்டப் போயி, நான் குடுத்தது ஃபிராடுன்னு சொல்லச் சொல்லுதியா? பொண்ணத் தர மாட்டேன்னு எந்திச்சுப் போயிட்டா? விஷ்ணு அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசுவானா? எனக்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கல.

— அப்படியெல்லாம் போக மாட்டாருங்க சார்.

— உள்ள என்னடே டமார்னு?

— பக்கெட்டுங்க சார். தானா வுழும்.

— தானாவா?

— இந்த பிளாக்குல எல்லா வீட்டுலயும் அப்புடித்தானுங்க.

— நீ ஒண்ணு செய்யி. தம்பியே ஏமாந்து போற மாதிரி ஒண்ணு கலக்கு. அப்புறம் பைய அவிய வீட்டுக்குப் போயி, அந்தப் பாட்டில எடுத்துட்டு இத வச்சிரு. உனக்கு அவிய பழக்கந்தான?

— ரொம்பப் பழக்கமுங்க. ஆனா சார், அசல் எப்புடி இருக்கும்னு எனக்கும் தெரியாதுங்க. நான் பாத்ததெல்லாம் வீடியோதான்.

— எனக்குந் தெரியாது. எங்க வீட்டு வாஷ்பேசினுக்குத்தான் தெரியும்.

— அப்ப எதை வச்சுங்க கலக்கறது?

— அதான் தல சுத்துது. அத விடு, நீ அன்னிக்கிக் குடுத்ததாவது குடிக்கிற மாதிரி இருந்துதா? இந்த நெய்வேலியில ஒருத்தனாவது அதக் குடிச்சிருந்தா, கேட்டுத் தெரிஞ்சிக்கிடலாம்.

— ரொம்ப நல்லா இருந்துச்சி சம்பந்தி! கடசி மூணு ரவுண்டு இன்னும் நல்லா இருந்துச்சி!