முகம் தெரியாத நடிகர்

கொஞ்சம் தள்ளி இருங்கோ அக்கா, சின்னவன்ர கால் உங்கட சீலையில படுது... ஓம், அப்பிடித்தான். எங்க விட்டனான்? ஆ, என்ர மனிசன். படம் பாத்து வந்ததில இருந்து என்னோட கதைக்கிறாரில்லை.

அவர் இந்தியாவில அகதிக் காம்பில வளந்தவரெல்லே. அங்கயிருந்து மெட்றாசுக்குப் போய்ச் சினிமாச் சண்டைக்காரரோட சேந்திட்டார். ஹீரோ மாடியில இருந்து குதிச்சா அது இவர். கண்ணாடியை உடைச்சுக்கொண்டு பாஞ்சா இவர். ஆனா ஒரு படத்திலயும் முகம் இல்லை. விழுறவன் முகத்தைத் திருப்பிப்போட வேணுமாம், அதுதான் தொழிலாம். ஊருக்குத் திரும்பி வந்து நறுவிலிக்குளத்தில வீட்டுத்திட்ட வீடு கட்டேக்க கூரையால விழுந்தவர், அப்பவும் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான்.

மூத்தவள் வேணுஜா பள்ளிக்கூடத்தில "எங்கட அப்பா நடிகர்" எண்டிருக்கிறாள். பொய்க்காரி எண்டு பிள்ளையள் பழிக்க, அழுதுகொண்டு வந்தாள்.

அப்பதான் கொழும்பில இருந்து பக்கத்து ஊர் அரிப்புக் கடற்கரைக்குப் படம் எடுக்க வந்தவை. இவருக்கு மீன்காரன் வேசம். ஒரேயொரு காட்சி, சுவரில இருந்து விழுந்து சாகவேணும். முகம் தெரிய. நான்தான் மீசைக்குக் கறுப்புப் பூசி விட்டனான்.

மனிசன் என்ன செய்தார்? விழேக்க பழக்கதோசத்தில டக்கெண்டு முகத்தைத் திருப்பிறார். திரும்பத் திரும்ப அதே கூத்து. டைரக்டர்த் தம்பி தலையில கைவைச்சிட்டார். வெளிச்சமும் போகுது. "இதுதான் கடைசி அண்ணை" எண்டார்.

நான் இவரைக் கூப்பிட்டுச் சொன்னன், "இஞ்சருங்கோ, கமராவை மறவுங்கோ. நான் அதுக்குப் பக்கத்தில நிக்கிறன், என்னைப் பாத்துக்கொண்டு விழுங்கோ."

பாத்தார் அக்கா. கால் சுவரை விட்டுது, கண் என்னை விடேல்ல. நடிப்பெண்டு தெரியும். ஆனா இவ்வளவு காலமும் நான் கண்டது விழுற முதுகைத்தானே... அந்த முகத்தைக் கண்டு பொறுக்கேலாமல், சின்னவனை ஆரிட்டையோ குடுத்திட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சிட்டன்.

டைரக்டருக்கு அது பிடிச்சுப்போச்சு. வெட்டேல்ல.

மண்டபத்தில படம் போட்டவை. வேணுஜான்ர வகுப்பே வந்து இருக்குது. திரை முழுக்க என்ர முதுகு. என்ர நீலச் சட்டை. அவள் கதிரையில ஏறி நிண்டு, "எங்கட அம்மான்ர முதுகுக்கு அங்கால கிடக்கிறது எங்கட அப்பா" எண்டாளே.

வீட்டை வந்த மனிசன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திட்டார். "அதைத்தானே வடிவாச் செய்வியள்" எண்டன்.

முதுகு குலுங்கினது. சிரிக்கிறார்தான்... முகத்தைக் காட்டேல்ல, அவ்வளவுதான்.