கோளாறு எதுவும் பதிவாகவில்லை

காலையில் எங்கள் வீட்டில் முதலில் எழுவது நான்தான். பால் காய்ச்சுவேன். இரண்டு டம்ளரில் டீ போடுவேன். மாமனாரின் ரத்த அழுத்த மாத்திரையை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அவர் அறைக் கதவைத் தட்டுவேன். "எழுந்துட்டேன் மாப்பிள்ளை" என்பார். டீ குடித்ததும் ஈரத்துணியோடு வாசலுக்குப் போய் டிரைவிங் ஸ்கூல் காரைத் துடைப்பார். கண்ணாடி, கதவு, சொல்லிக்கொடுப்பவர் பக்கம் தனியாக இருக்கும் பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் துடைப்பார். பிறகு உறையைப் போட்டு மூடிவிடுவார். அவர் மகள், என் மனைவி, விபத்தில் போனபின் அவர் யாருக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அவளுடைய கைப்பையைத் திரும்ப வாங்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்து வந்தேன். நான் வந்தது அதற்கில்லை. உங்கள் விபத்துக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது: வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டியவரின் தவறு. அந்த வரியை மாற்ற வேண்டும்.

நான் பொறியியல் படித்தவன். கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. மற்றவர்கள் கழற்றிப் பார்ப்பார்கள், நான் ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பேன். இப்போதைய கார்களில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. இன்ஜினில் ஏதாவது பிசகினால் அது ஒரு எரர் கோடாகக் குறித்துக்கொள்ளும். பிசகிய நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சேர்த்து வைக்கும். ஒருமுறை பிசகினால் மனதோடு வைத்துக்கொள்ளும். மறுமுறையும் பிசகினால்தான் ஓட்டுபவருக்கு விளக்கு போட்டுக் காட்டும். எப்போதும் கெட்டிருக்கும் வண்டி சுலபம், எப்போதாவது கெடும் வண்டிதான் ஆளைக் கொல்லும் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

கல்யாணமான புதிதில் அவளை நான்தான் பைக்கில் வேலைக்குக் கொண்டுபோய் விடுவேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவாள். பிறகு தன் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்கினாள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்தார். நன்றாக ஓட்டினாள். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மிக நன்றாக ஓட்டினாள்.

கார் வந்தபின் நான் தனியாக வேலைக்குப் போனேன். முதுகுப்பக்கம் வெறுமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் அந்தக் கார் நடுரோட்டில் நின்றது. போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? உன் பைக் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு" என்று, ஆட்கள் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் இன்ஜின் ஆறியிருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. வீட்டில் ஸ்கேனரை மாட்டினேன். கோடு இருந்தது. கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், விரல் அளவுச் சாமான். அது பேசாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். இவளுடையது சூடேறினால் செத்து, ஆறினால் பிழைத்தது. மாற்றுவது பெரிய வேலையில்லை. புதிதாக ஒன்று வாங்கினேன். உங்கள் மேஜைமேல் நான் வைத்திருக்கும் அட்டைப்பெட்டியில் இருப்பது அதுதான். பிரிக்கவில்லை.

முதலில் நேரமில்லை என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மறுபடி நின்றது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு நேரம் இருந்தது. நான் மாற்றவில்லை.

எனக்கு அம்மா இல்லை. அதனால் அந்தக் காருக்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தாள். "உங்க அம்மா இன்னைக்கும் பாலத்துக்கிட்ட முறுக்கிக்கிட்டு நின்னுட்டாங்க. வந்து சமாதானம் பண்ணு" என்பாள். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. "ஊரான் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறாரு, வீட்டு வண்டி இழுத்துக்கிட்டுக் கிடக்கு" என்று முதலாளி கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

விளக்கு எரிந்தால் வேறு யாரிடமாவது காட்டுவாள். அதனால் நின்ற அன்றே, வண்டியைக் கழுவுகிறேன் என்று சொல்லி அந்த எரர் கோடை அழித்துவிடுவேன். அழிக்கவா என்று ஸ்கேனர் ஒரு தரம் கேட்கும். ஆமாம் என்று அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் வண்டி நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. "கிளட்சை டக்குன்னு விடுறே. அதான் ஆஃப் ஆகுது" என்றேன்.

"அப்பா அப்படிச் சொல்லித் தரலையே."

"அப்பா காலம் வேற. இது வேற வண்டி."

படித்தவன் சொன்னால் எடுபடும். இருந்தாலும் அவள் முழுதாக நம்பவில்லை. எனக்குத் தெரியாமல் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கிறாள். மாலையில் வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வண்டி தங்கமாம். கோளாறு எதுவும் பதிவாகலையாம். 'ஓட்டுறது யாரும்மா, நீங்களா'ன்னு கேட்டுட்டு, அங்க இருந்தவன் எல்லாம் சிரிச்சான்."

நான் அவள் கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

"நீ சொன்னதுதான் சரி போல. என் கால்தான்" என்று தன் இடது பாதத்தைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு, வேலை விட்டு வந்ததும் நிறுத்திய காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கிளட்சை மிதிப்பாள், மெல்ல விடுவாள், மறுபடி மிதிப்பாள். மனப்பாடம் செய்யும் பள்ளிப்பிள்ளை மாதிரி உதடு அசையும். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவரை செய்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் தாங்கமுடியாமல்தான் திரையை இழுத்து மூடினேன்.

விபத்து நடந்த அன்று மாலை மேம்பாலத்தில் நெரிசல். வண்டிகள் ஊர்ந்தன. இன்ஜின் சூடேறியிருக்கும். ஏற்றத்தில் நின்றுவிட்டது. போன் அடித்தபோது ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "அம்மா கூப்பிடுறாங்க, ஓடுங்க" என்று பெயின்டர் கண்ணடித்தார்.

இறங்கி ஓரமாக நிற்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், வண்டிக்குள்ளேயே இரு, கொஞ்சம் ஆறட்டும் என்றேன். ஆறினால் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். நான் போய்ச் சேர்வதற்குள் அவளாகக் கிளம்பிவிடக் கூடாது என்றும் இருந்தது, அதனால் நான் வந்தபிறகு போடலாம் என்றேன். டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் நெரிசல் கலைந்து வண்டிகள் வேகமெடுத்துவிட்டன. பின்னால் வந்த லாரிக்காரருக்கு எதிர் வெயில். அவர் மேல் குற்றமில்லை. அவரையும் உங்கள் கோப்பிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

காருக்குப் பின்பக்கம்தான் இல்லை. முன்பக்கம் அப்படியே இருந்தது. பேட்டரியும் இருந்தது. உங்கள் நிலையத்து மைதானத்தில் வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தபோது, அவளுடைய சாமான்களை எடுக்கிறேன் என்று காவலரிடம் சொல்லி உள்ளே உட்கார்ந்தேன். பாவம், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் என்று அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்கேனரை மாட்டினேன். கோடு இருந்தது. அவள் நின்ற நொடியின் வேகம் இருந்தது, சூடு இருந்தது. அவள் காலைப் பற்றி ஒன்றும் இல்லை. அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். மறுநாள் வந்து பார்த்த வாகன ஆய்வாளருக்கு, அதனால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊர்ந்துக்கிட்டிருக்கிற வண்டியை எப்படி நிக்காம ஏத்தணும்னு பாப்பாவுக்கு நான் அத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேனே. எப்படி மாப்பிள்ளை நிக்கும்?"

ஏற்றம், கியர், கிளட்ச் என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஊர்ப்பிள்ளைங்களை எல்லாம் ரோட்டுல ஏத்திவிட்டேன். என் பிள்ளை காலுக்குச் சொல்லித்தரத் தெரியலை எனக்கு" என்றார். அன்று ராத்திரி என் தட்டில்தான் அவர் முதலில் சோறு போட்டார்.

நேற்று, டிரைவிங் ஸ்கூல் போர்டைக் கழற்ற ஒரு கை பிடிங்க மாப்பிள்ளை என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அவர் வெகுநேரம் போராடினார். ஒரு ஆணி கழன்று வந்தது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று இறக்கிவிட்டேன். அந்த நாளைதான் இன்று.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. என்னைக் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்லும்போது காதல் மாதிரி கேட்கிறது. இல்லை. பிழையில்லாத ஒருத்தியைப் பிழையானவள் என்று அவளையே நம்பவைத்தேன், அந்த நம்பிக்கையோடு சாகவிட்டேன், செத்தபின் அதற்கு அரசாங்க முத்திரையும் வாங்கிக்கொடுத்தேன்.

இத்தனை நாள் அந்த மனிதரிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் சொல்ல வேண்டாம் என்றாள், அவள் வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனில் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவர் கேட்டபோது, "அப்பாவைப் பாத்துக்கோ" என்றாள் என்றேன். அதை நம்பித்தான் என்னை வீட்டில் வைத்திருக்கிறார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னது இது:

"சரி, உள்ளேயே இருக்கேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, என்ன? என் கால் இன்னும் பழகலைன்னு தெரிஞ்சா, தான் சரியாச் சொல்லித்தரலைன்னு நினைச்சுக்குவாரு."