மற்றப் பக்கத்துக் கயிறு

“அடுத்தமுறை நுவரெலியாவுக்குத்தான் போறம். அந்த மலையில கரைவலை இழுக்க ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க.”

கல்குடாவிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றிலிருந்த பெண் கணவரிடம் சொன்னாள். இருவருக்கும் நடுவில், ஈரத் தலையோடு மகள்.

“ஒருத்தரும் கூப்பிடல்ல. நானாத்தான் போனன்.”

“அதைத்தான் சொல்றன்! ஒரு நாளைக்கெண்டாலும் வலையை மறந்து, மகளோட கடல் குளிப்பம் எண்டு வந்தா, ஆரோ ஆக்கள்ர வலையை இழுக்கிறதா? போட்டிருந்த புதுச் சேட்டும் பாழ்!”

“வலையைக் கரைக்கு இழுக்க ரெண்டு பக்கக் கயித்துக்கும் ஆள் காணாம நிண்டாங்க புள்ள. பார்த்துக்கொண்டு இருக்கேலுமா?” அவர் மடியிலிருந்த பையை மெல்லத் திறந்து காட்டினார். “பங்கு மீனும் தந்தாங்களே.”

“நாளும் வாவியில புடிச்சுக்கொண்டு வாற மீன் காணாதாக்கும்.”

மகள் நிமிர்ந்தாள். “அம்மா, மற்றப் பக்கத்துக் கயித்தில நீங்கதானே முன்னுக்கு நிண்டீங்க?”

அந்தப் பெண் சேலைத் தலைப்பால் மகளின் தலையை அழுத்தித் துடைத்தாள்.

“பின்ன? இந்த மனிசன் ஒரு பக்கத்தில அந்த இழுவை இழுத்தா, வலை கோணிப் போகாதா?”